பழைய காருக்கு ரேடியல் டயர்: தேர்வும் காற்றழுத்தமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ 1950 முதல் 1980 வரை தயாரான கார்களை வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும் நேரத்தில் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அதற்கும் முந்தைய, 19 அல்லது 21 அங்குல ஒல்லியான சக்கரங்கள் கொண்ட கார்களுக்கு ரேடியல் அரிதாகவே கிடைக்கிறது. அவற்றுக்குப் பழைய வகை டயரே பொருத்தம் என்பதால், அவை இங்கே பேசப்படவில்லை.

ரேடியல் டயருக்கும் பழைய டயருக்கும் உண்மையான வேறுபாடு என்ன?

பேச்சுவழக்கில் நைலான் டயர் எனப்படும் கிராஸ் பிளை டயரில், இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வாகக் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. பக்கச் சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே கட்டமைப்பு என்பதால், பக்கச் சுவர் வளையும்போது தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளிகிறது. ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காகச் செல்கின்றன. அவற்றின் மேல், தரையைத் தொடும் மேற்பகுதியான டிரெட்டுக்கு அடியில், எஃகு அல்லது துணி இழையாலான பட்டைகள் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கின்றன. இதனால் பக்கச் சுவர் தாராளமாக வளைந்து கொடுக்க, டிரெட் தட்டையாகத் தரையில் பதிந்து நிற்கிறது. அளவு, அழுத்தம், ரிம், ஸ்டீயரிங் என்று கீழே வரும் எல்லா விடைகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ரேடியலுக்காக வடிவமைக்கப்படாத காரில் அதைப் போடலாமா?

பெரும்பாலான கார்களில் போடலாம். மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல், 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு 1960களிலேயே ரேடியல் ஒரு தேர்வாக இருந்ததால், அவற்றின் கையேட்டில் அதற்குரிய அளவும் அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்கக் கார்களில் மாற்றம் தாமதமாகவே வந்தது. அங்கே 1970ஆம் ஆண்டின் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 தான் ரேடியலோடு விற்பனைக்கு வந்த முதல் கார். எனவே உங்கள் கார் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். கையேட்டில் ரேடியலுக்கான வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ரிம், வீல் அலைன்மென்ட், அழுத்தம் ஆகிய மூன்றையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டும் உணர்வு மாறும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நெடுஞ்சாலையில் கார் சாலையின் பள்ளங்களைத் தேடி அலைவது நின்றுவிடும். ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பு தெளிவாகக் கூடும். மாறாக, மெதுவாகச் செல்லும்போது சாலையின் ஒட்டுகள் 'டப் டப்' என்று கேட்கும். கிராஸ் பிளை டயர் பிடியை விடும்போது படிப்படியாக, எச்சரித்துவிட்டு விடும். ரேடியல் நீண்ட நேரம் பிடித்திருந்து, பிறகு சற்றுத் திடீரென்று விடும்.

5.60-15 என்ற பழைய அளவுக்கு இணையான ரேடியல் எது?

பழைய எண்ணில் 5.60 என்பது டயரின் அகலம், 15 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ரேடியலில் அகலம் மில்லிமீட்டரில் வருகிறது. 5.60 அங்குலம் என்றால் 142 மில்லிமீட்டர். ஆகவே 145ஆர்15 வாங்கலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. பழைய கிராஸ் பிளை டயரில் பக்கச் சுவரின் உயரம் ஏறத்தாழ டயரின் அகலத்துக்குச் சமமாக இருந்தது. அளவில் விகிதம் எதுவும் குறிக்கப்படாத ரேடியலில் உயரம் அகலத்தில் சுமார் 82 சதவீதம்தான். அதே விட்டம் வேண்டுமென்றால் சற்று அகலமான ரேடியலைத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் 5.60-15க்கு 155ஆர்15 அல்லது 165ஆர்15, 5.60-13க்கு 155ஆர்13, 6.70-15க்கு 185ஆர்15 என்று வழக்கத்தில் நிலைத்திருக்கிறது. அமெரிக்கக் கார்களில் 7.75-14 என்றும், பின்னர் எஃப்78-14 என்றும் குறிக்கப்பட்ட அளவுக்கு 205/75ஆர்14 பொருந்தும்; இதில் 75 என்பது உயர விகிதம், சதவீதத்தில்.

இந்த இணைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலத்தை உயர விகிதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் கிடைக்கும். 165ஆர்15க்கு இது 165 × 0.82 × 2 + 381 (15 அங்குலம்), அதாவது ஏறத்தாழ 651 மில்லிமீட்டர்.

உயரமான ரேடியல் கிடைக்கவில்லை. 165/65ஆர்15 கடையில் இருக்கிறது. போதாதா?

போதாது. அதன் விட்டம் சுமார் 595 மில்லிமீட்டர். 165ஆர்15ஐவிட எட்டரை சதவீதம் குறைவு. நீங்கள் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வேகமானி 109 காட்டும். அந்த வேகத்தில் ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கும் எஞ்சின் இன்னும் ஒன்பது சதவீதம் கூடுதலாகச் சுழலும். காரின் அடிப்பகுதி ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் தாழும். பழைய கார்களின் பல்சக்கர விகிதங்கள் உயரமான டயரை எண்ணியே அமைக்கப்பட்டவை. விட்டத்தில் இரண்டு, மூன்று சதவீத வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் வேறு டயரைத் தேடுங்கள்.

அப்படியானால் விட்டம் ஒத்துப்போகும் 195/65ஆர்15 போடலாமே?

இந்த அளவுதான் அதிகமானவர்களை ஏமாற்றுகிறது. விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர் என்பதால் கணக்கு சரியாக வருவதுபோல் தோன்றும். எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் இந்த டயருக்கு ரிம் குறைந்தது ஐந்தரை அங்குல அகலம் இருக்க வேண்டும். 5.60-15 டயரோடு வந்த கார்களின் ரிம் பெரும்பாலும் நான்கு அல்லது நாலரை அங்குலம்தான். குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் விளிம்புகள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, டிரெட் நடுவில் புடைத்து, ஓரங்கள் தரையை விட்டு எழும்பும். வளைவில் டயர் ரிம்மின் மேல் பக்கவாட்டில் ஆடும். அதாவது, ரேடியல் எதற்காக வாங்கப்பட்டதோ அந்தத் தட்டையான பதிவையே இழந்துவிடுகிறீர்கள். இதோடு ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் உட்புறத் தகட்டில் உரசுவதும், நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் கல்லாகக் கனப்பதும் சேர்ந்துகொள்ளும்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு, தேவையான சுமையைத் தாங்கக்கூடிய டயர்களில் மிகக் குறுகலானதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அகலம் அழகு தரும் என்ற எண்ணம் பிற்காலக் கார்களிலிருந்து வந்தது. பழைய காரின் உடலுக்கு ஒல்லியான, உயரமான டயர்தான் பார்வைக்கும் பொருந்துகிறது.

வேன்களுக்கான டயரில் அதே அளவு இருக்கிறதே?

அளவின் கடைசியில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது சரக்கு வண்டிக்கானது. அதிக அழுத்தத்தில் அதிகச் சுமையைத் தாங்குவதற்காக அதன் பக்கச் சுவர் தடிமனாக இருக்கும். ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள காரில் அந்தச் சுவர் வளையவே வளையாது. பயணம் கட்டைவண்டிப் பயணமாகிவிடும், பிடியும் குறையும். வேறு வழியே இல்லாதபோது தவிர, வாங்க வேண்டாம்.

என் டயரில் 165-400 என்று இருக்கிறது. 16 அங்குல டயர் ஏறுமா?

ஏறாது, முயலவும் கூடாது. இங்கே 400 என்பது ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். அது 15.75 அங்குலம், 15 அங்குலமும் அல்ல, 16 அங்குலமும் அல்ல. நெருக்கமாக இருக்கிறது என்று வலிந்து ஏற்றினால் காற்று அடிக்கும்போதே டயரின் விளிம்பு அறுந்து வெடிக்கக்கூடும், அல்லது ஓட்டும்போது ரிம்மிலிருந்து கழன்றுவிடும். சிட்ரோயன் டிராக்ஷன் அவான், தொடக்ககால 2சிவி போன்ற கார்களில் இந்த வகை ரிம் உண்டு. இவற்றுக்கு அதே மில்லிமீட்டர் அளவில் இன்றும் டயர்கள் தயாராகின்றன.

அளவுக்குப் பின்னால் வரும் '86எஸ்' போன்ற குறி எதைச் சொல்கிறது?

எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் குறிக்கின்றன. 78 என்றால் ஒரு டயர் 425 கிலோ, 82 என்றால் 475 கிலோ, 86 என்றால் 530 கிலோ, 91 என்றால் 615 கிலோ வரை தாங்கும். எஸ் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, எச் 210. பழைய குடும்பக் கார்களுக்கு எஸ் தாராளமாகப் போதும். சுமை எண்ணில்தான் கவனம் தேவை; ஏனெனில் அது முழு அழுத்தத்தில் தாங்கும் எடை. குறைந்த அழுத்தத்தில் தாங்கும் எடையும் குறையும். அந்தக் கணக்கு கீழே வருகிறது.

டியூப் போட வேண்டுமா?

ரிம்மைப் பொறுத்தது. டியூப்லெஸ் டயருக்கான ரிம்மில், டயர் விளிம்பு அமரும் இடத்துக்கு உட்புறமாகச் சுற்றிலும் ஒரு சிறு மேடு இருக்கும். வளைவில் அழுத்தம் குறைந்திருந்தாலும் டயர் உள்ளே நழுவாமல் அது தடுக்கிறது. பழைய ரிம்கள் பலவற்றில் அந்த மேடு இல்லை. சில ரிம்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை; கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரங்களில் ஒவ்வோர் ஆரத்தின் முனையிலும் துளை உண்டு. இவற்றிலெல்லாம் டியூப் கட்டாயம்.

டியூப் ரேடியலுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டதாகவும், டயரின் அளவுக்குரியதாகவும் இருக்க வேண்டும். சிறிய டியூபை இழுத்துப் பொருத்தினால் மெலிந்து வெடிக்கும். பெரிய டியூப் உள்ளே மடிந்து, மடிப்பில் அறுபடும். வால்வுத் துளையையும் அளந்து பாருங்கள்: பழைய ரிம் சிலவற்றில் 16 மில்லிமீட்டர் துளையும், பிற்காலத்தவற்றில் சுமார் 11.5 மில்லிமீட்டர் துளையும் இருக்கும். பெரிய துளையில் மெல்லிய வால்வை அப்படியே விட்டால், அது ஆடி ஆடி அடியில் கிழியும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடும்போது, உட்சுவரில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளை அகற்றி, கையால் தடவிப் பார்த்து, டால்கம் பவுடர் தூவிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். சிறு காகிதத் துண்டுகூட டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும்.

பழைய ரிம் ரேடியலைத் தாங்குமா?

நல்ல நிலையில் உள்ள எஃகு ரிம் பெரும்பாலும் தாங்கும். ரேடியலின் பிடி அதிகம் என்பதால் வளைவில் ரிம்முக்கும் பேரிங்குக்கும் கூடுதல் விசை போகிறது. ரிம் நெளிந்து சக்கர மூடி கழன்று ஓடுவதும் நடப்பதுண்டு. டயர் மாற்றும் நாளில் ரிம்மை வண்ணம் உரித்துத் துடைத்து, நட்டுத் துளைகளைச் சுற்றியும், நடுத்தட்டு ரிம்மோடு சேரும் பற்றவைப்பிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் கண்ட ரிம்மைப் பற்றவைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போதைக்கு இரண்டு ரேடியல் மட்டும் வாங்கலாமா?

நான்கும் சேர்த்து வாங்குவதே முறை; ஸ்டெப்னியும் ரேடியலாக இருக்கட்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் கிராஸ் பிளையும் ஒருபோதும் கூடாது. வேறு வழியின்றி இரண்டு மட்டும் போட்டால், அவை பின்னால்தான் போக வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்றால், வளைவில் முன்பக்கம் இறுகப் பிடிக்க, பின்பக்கம் நழுவி கார் சுழன்றுவிடும். பல நாடுகளில் இந்த அமைப்பு சட்டப்படியே தடை செய்யப்பட்டிருக்கிறது.

கையேட்டில் 24 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்று இருக்கிறது. ரேடியலுக்கும் அதேதானா?

கையேடு ரேடியலுக்கெனத் தனி எண் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தரவில்லையென்றால், அந்த 24 கிராஸ் பிளைக்கானது. கிராஸ் பிளையின் சாய்ந்த இழைகள் தாமே ஓரளவு விறைப்பைத் தருகின்றன. ரேடியலின் பக்கச் சுவர் அப்படித் தருவதில்லை, காற்றைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே மூன்று, நான்கு பிஎஸ்ஐ கூட்டி, 28இல் தொடங்குவது பொதுவான நடைமுறை. முன், பின் சக்கரங்களுக்கு இடையே கையேடு சொல்லும் வேறுபாட்டை மாற்றாதீர்கள். எண்கள் பார் என்ற அலகில் இருந்தால் 14.5ஆலும், சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவில் இருந்தால் 14.2ஆலும் பெருக்கினால் பிஎஸ்ஐ கிடைக்கும்.

அடுத்தது சுமை. ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில் காரின் எடை 1,100 கிலோ, அதில் 60 சதவீதம் பின்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒன்றின் மேல் 330 கிலோ. சுமை எண் 86 உள்ள டயர், 530 கிலோவைச் சுமார் 36 பிஎஸ்ஐயில்தான் தாங்கும். 26 பிஎஸ்ஐயில் அது ஏறத்தாழ 400 கிலோவாக இறங்குகிறது. 330க்கு அது போதும். சுமை எண் 78 உள்ள டயரோ 26 பிஎஸ்ஐயில் சுமார் 325 கிலோதான் தாங்கும். அதாவது அது ஏற்கெனவே வரம்பு மீறிய நிலையில் ஓடுகிறது. 30 பிஎஸ்ஐக்கு உயர்த்தினால் 365 கிலோ கிடைக்கும். ஒரே காரில், ஒரே எடையில், டயர் மாறினால் அழுத்தமும் மாற வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இன்னொருவர் காருக்கு 28 சரியாக இருந்தது என்பது உங்கள் காருக்குச் சான்றாகாது.

மூன்றாவது, ஓட்டிப் பார்ப்பது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு உடனே மீண்டும் அளந்து பாருங்கள். 28 இருந்த இடத்தில் 31 அல்லது 32 ஆகியிருந்தால் இயல்பு. 34ஐத் தாண்டியிருந்தால், டயர் அதிகமாக வளைந்து சூடாகிறது. குளிர்ந்த நிலையின் அழுத்தத்தை இரண்டு பிஎஸ்ஐ கூட்டி மறுபடி சோதியுங்கள். இது ஓட்டுநர்களிடையே வழங்கும் கைக்கணக்குதான். வெயில் காயும் தார்ச்சாலை இதை எளிதில் குழப்பிவிடும் என்பதால், மிதமான வானிலையில் செய்வது நல்லது. டிரெட்டின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு உருட்டிப் பார்க்கும் பழைய முறை ரேடியலில் அவ்வளவாக உதவாது. பட்டைகள் டிரெட்டைத் தட்டையாகவே வைத்திருப்பதால், அழுத்தம் ஓரளவு குறைந்திருந்தாலும் கோடு சமமாகத்தான் அழியும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், நடுவிலும் ஓரங்களிலும் டிரெட் ஆழத்தை அளந்தால் இன்னும் நம்பகமான விடை கிடைக்கும்: நடு தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

டயரின் பக்கத்தில் 44 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கிறதே?

அது அந்த டயர் ஏற்கக்கூடிய உச்ச வரம்பு, உங்கள் காருக்கான பரிந்துரை அல்ல. டயர் செய்தவருக்கு அது எந்தக் காரில் ஏறும் என்று தெரியாது. 44 அடித்த பழைய கார், ஒவ்வொரு கல்லிலும் துள்ளும்.

28 பிஎஸ்ஐ இருந்தும் டயர் காற்றில்லாததுபோல் பிதுங்கித் தெரிகிறது.

ரேடியலுக்கு அது இயல்பான தோற்றம். பிதுக்கம் மறையும்வரை காற்றடிப்பது தவறு. அளவுமானியை நம்புங்கள், கண்ணை அல்ல.

பின்பக்கம் எஞ்சின் உள்ள கார்களுக்கு ஏன் முன்சக்கரத்தில் இவ்வளவு குறைவான காற்று?

எடை பின்னால் இருப்பதும், வளைவில் பின்பக்கம் வீசிவிடாமல் தடுப்பதும் காரணம். 1960ஆம் ஆண்டு மாடலான ஷெவர்லே கார்வேருக்கு முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று அந்த நிறுவனமே நிர்ணயித்திருந்தது. முன்சக்கரத்தின் குறைந்த காற்று அதன் பிடியைச் சற்று மழுங்கடித்து, பின்பக்கத்துக்குச் சாதகமாக்குகிறது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்றடித்துவிடும் நல்லெண்ணம் கொண்ட பணியாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷ 356 ஆகியவற்றுக்கும் இந்தக் கொள்கை பொருந்தும். ரேடியலுக்கு மாறும்போது எண்கள் உயரலாம், ஆனால் முன்பக்கம் குறைவாகவே இருக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறையும், நீண்ட பயணத்துக்கு முன்பும், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். சூடான டயரில் கூடுதலாகக் காட்டும் காற்றைத் திறந்துவிடாதீர்கள். நைட்ரஜன் நிரப்புவதால் பழைய காருக்குத் தனிப்பலன் எதுவும் இல்லை.

ரேடியல் போட்டபின் ஸ்டீயரிங் கனக்கிறது, அல்லது நேராக நிற்கவில்லை. என்ன செய்வது?

முதலில் அலைன்மென்ட். கிராஸ் பிளைக்காக முன்சக்கரங்கள் சற்று அதிகமாக உள்நோக்கி வைக்கப்பட்டிருக்கும். ரேடியலுக்கு அவ்வளவு தேவையில்லை. கையேடு 3 மில்லிமீட்டர் சொன்னால், பாதியளவில் தொடங்கிப் பார்க்கலாம். 1950கள், 60களின் அமெரிக்கக் கார்களில், கையால் திருப்புவதை எளிதாக்க ஸ்டீயரிங் அச்சின் சாய்வு பூஜ்யத்தை ஒட்டி வைக்கப்பட்டது. ரேடியலில் அது அலைபாயும் உணர்வைத் தருகிறது. சரிசெய்ய இடமிருந்தால் அச்சின் மேல்முனையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் கொஞ்சம் கனத்தாலும் கார் நேராக நிற்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின், பேரிங் ஆகியவற்றின் தேய்மானத்தைக் கிராஸ் பிளை மறைத்திருக்கும். ரேடியல் அதை வெளியே காட்டிவிடும்.

டிரெட் புதிதுபோல் இருக்கும் பழைய டயரைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்ந்து முடிவதில்லை, முதிர்ந்து முடிகிறது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று எண்கள் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், உடனே கழற்றிவிடலாம். பத்தாண்டு கடந்த டயரை, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நான் நெடுஞ்சாலையில் ஓட்டமாட்டேன். புதிதாக வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். அரிதான அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்துவிட்டு வருவதுண்டு.

மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைக்கும்போது?

வழக்கமான அழுத்தத்தைவிடச் சில பிஎஸ்ஐ கூடுதலாக, டயரின் உச்ச வரம்பைத் தாண்டாமல் அடித்து, உலர்ந்த தரையில் வெயில் படாமல் நிறுத்துங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை கால் சுற்று உருட்டிவிட்டால் ஒரே இடம் தட்டையாகாது. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் டயருக்கு அடியில் ஒரு பலகையை வையுங்கள். மீண்டும் எடுக்கும் நாளில், கூட்டிய காற்றைக் குறைத்து, குளிர்ந்த நிலையின் எண்ணுக்குக் கொண்டுவந்தபின் கிளம்புங்கள்.